உஷார்! ஓட்டுப் பிரிக்க ஆள் தேடுகிறார்கள்

தேர்தல் தேதி அறிவித்து மனுத் தாக்கல் தொடங்கும் வாரம். தெரிந்த முகம் ஒன்று உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும். டீ வாங்கிக் கொடுக்கும். வீட்டு நிலவரம், தொழில் நிலவரம், மகள் கல்யாணம் என்று எல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரும். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்ணா. நோட்டீஸ் அடிக்க வேண்டாம், வீடு வீடாப் போய் கும்பிடு போட வேண்டாம். மனு மட்டும் குடுத்தாப் போதும். டெபாசிட் நாங்க கட்டிக்கறோம். பத்துப் பேரு கையெழுத்தும் எங்க பொறுப்பு. கைச்செலவுக்குத் தனியா ஒரு தொகை தர்றோம். உங்க பேரு மிஷின்ல வந்தாச் சரிங்ணா."

கோவை உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் செல்வபுரத்திலும் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பேச்சு யார் வாசலுக்கும் வரலாம். கைமாற்றுக் கடனில் இருக்கிறவரைத் தேடி வரும். பெரிய வேட்பாளர் ஒருவரின் பெயரே உங்களுக்கும் இருந்துவிட்டால், இன்னும் வேகமாக வரும். வந்தவுடன் கதவைச் சாத்துங்கள். அவர் உங்களைத் தலைவராக்க வரவில்லை. தனக்குப் பிடிக்காத ஒருவருக்குப் போக வேண்டிய ஓட்டில் நூறு இருநூறைக் கிள்ளி எடுக்க உங்கள் பெயரை வாடகைக்குக் கேட்கிறார்.

இது சாமர்த்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுக்குக் காசு கொடுத்தால்தான் லஞ்சம், தேர்தலில் நிற்கக் காசு கொடுப்பது ராஜதந்திரம் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, ஒருவரைத் தேர்தலில் நிற்கவோ, நிற்காமல் இருக்கவோ, மனுவை வாபஸ் வாங்கவோ, வாங்காமல் இருக்கவோ பணமோ பொருளோ கொடுத்துத் தூண்டுவதை லஞ்சம் என்றே வரையறுக்கிறது. கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குகிறவரும் அதில் மாட்டுவார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173ஆம் பிரிவுகளின்படி இதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஜெயித்த வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ இதைச் செய்ததாக உயர் நீதிமன்றத்தில் நிரூபணமானால் அந்தத் தேர்தலே செல்லாமல் போகும். ஆறு ஆண்டுகள் வரை போட்டியிடத் தடையும் வரும். தேடி வருகிற புரோக்கர் இதில் ஒரு வரியைக்கூட உங்களிடம் சொல்ல மாட்டார்.

நூறு ஓட்டைப் பிரித்து என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கலாம். கொங்கு மண்ணிலேயே பதில் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனைத் தோற்கடித்தது 281 ஓட்டு வித்தியாசத்தில். அதே தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. அதற்கு முந்தைய தேர்தலில், 2016ல், ராதாபுரத்தில் 49. ஒரு தொகுதியில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். முடிவோ ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் ஆட்களின் கணக்கில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியைக் கூலிக்கு ஆள் வைத்து உருவாக்க முடியும் என்று தெரிந்தவர்கள்தான் பெயர் தேடி அலைகிறார்கள்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள், வாளையாறைத் தாண்டினால் கேரளம்தானே. 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 ஓட்டில். அந்தத் தொகுதியில் வி.எஸ். சுதீரன் என்று ஒரு சுயேச்சை இருந்தார். அவர் வாங்கியது எட்டாயிரத்துக்கும் மேல். 2016ல் மஞ்சேஸ்வரத்தில் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் 89 ஓட்டில் தோற்றார். அங்கே கே. சுந்தரா என்பவர் வாங்கியது 467. அதே சுந்தரா 2021ல் மறுபடி மனுக் கொடுத்து வாபஸ் வாங்கினார். வாபஸ் வாங்க இரண்டரை லட்சம் ரூபாயும் ஒரு செல்போனும் தரப்பட்டதாக அவரே பிறகு சொல்ல, சுரேந்திரன் மீது வழக்குப் பதிவானது. 2024 அக்டோபரில் காசர்கோடு நீதிமன்றம் சுரேந்திரனையும் மற்றவர்களையும் வழக்கிலிருந்து விடுவித்தது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. சாமானியர் ஒருவரின் பெயர் ஐந்து வருட இடைவெளியில் இரண்டு முறை தேர்தலின் நடுவில் வந்து நின்றது. போலீஸ், கோர்ட்டு என்று அவர் வாழ்க்கை அதோடு சேர்ந்து இழுபட்டது. உங்கள் பெயரைக் கேட்டு வருகிறவர் அந்த நாட்களில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

பெயர்க் குழப்பம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. ஓட்டு மிஷினின் ஒரு பெட்டியில் மொத்தம் 16 வரிசை. நோட்டாவுக்கு ஒன்று போக, 15 பேர் பெயர்தான் அடங்கும். பதினாறாவது ஆள் வந்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு பெட்டி. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள், அடுத்து பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அகர வரிசை. அதனால் பெரிய கட்சியின் வேட்பாளர் மேலே இருப்பார், அவர் பெயரையே வைத்திருக்கும் டம்மி கீழே எங்கேயோ கிடப்பார். பெரிய வேட்பாளரே சுயேச்சையாக நின்றால் கதை மாறிவிடும். ஒரே பெயர்க்காரர்கள் எல்லோரும் அடுத்தடுத்த வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். 2024ல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே இனிஷியல், ஒரே பெயர். அங்கே வெற்றி வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனதால் அந்த ஐவரால் முடிவு மாறவில்லை. மொடக்குறிச்சி மாதிரி ஒரு தொகுதியில் அது நடந்திருந்தால்?

2015லிருந்து மிஷினில் வேட்பாளர் படமும் ஒட்டுகிறார்கள். பெயர் ஒத்துப்போனால் தொழிலையோ ஊரையோ சேர்த்துப் போட வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் கண்புரை விழுந்த அம்மிச்சி ஒருத்தி மறைப்புக்குள் தனியாக நிற்கிறாள். வெளியே வரிசை நீண்டு கிடக்கிறது, அதிகாரி அவசரப்படுத்துகிறார். தபால்தலை அளவில் ஒட்டியிருக்கும் படத்தில் மீசை மட்டும்தான் தெரியும். வீட்டில் சொல்லி அனுப்பிய பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்துவாள். அவள் அழுத்தியது யாருக்கு என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. இந்த மோசடியில் நேரடியாக ஏமாறுவது எதிர்க்கட்சி வேட்பாளர் அல்ல, அவள்தான்.

இதைத் தடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். பெற்றோர் வைத்த பெயர் இன்னொருவரோடு ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு குடிமகன் போட்டியிடும் உரிமையை எப்படிப் பறிப்பது என்று 2024 மே மாதம் நீதிமன்றம் கேட்டது. நியாயமான கேள்வி. அதனால் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் விழிப்பாக இருந்தாக வேண்டும்.

டம்மிக்கு வேறு உபயோகமும் உண்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூத் ஏஜென்ட் உண்டு, எண்ணும் மேஜையில் உட்கார ஏஜென்ட் உண்டு, வாகன அனுமதி உண்டு. டம்மியின் பேரில் வாங்கியதெல்லாம் நிறுத்தியவருக்கு உழைக்கும். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம். கூடுதல் செலவை டம்மியின் கணக்கில் ஒளித்து வைக்கவும் வழி இருக்கிறது. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டியது அந்த டம்மி. கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தகுதி நீக்கம். நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

இதுவரை சொன்னது சில்லறை வேலை. மொத்த வியாபாரம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பயம் அதைப் பற்றித்தான்.

பலமான எதிரியோடு மோதினால் தோற்கலாம். பலவீனமான ஒருவரையோ, ஊரே முகம் சுளிக்கிற அளவுக்குத் தீவிரமாகப் பேசும் ஒருவரையோ எதிரியாக நிறுத்திவிட்டால் சுலபமாக ஜெயிக்கலாம். எனவே அந்த ஆளை நாமே வளர்த்துவிடுவோம். இதுதான் கணக்கு. அவருக்குக் காசு கொடுக்கலாம். காசே கொடுக்காமல், மேடைக்கு மேடை அவர் பெயரையே சொல்லித் திட்டி அவரைப் பெரிய ஆளாக்கலாம். "எங்களுக்கும் அவங்களுக்கும்தான் போட்டி, நடுவுல இருக்கறவங்களுக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதீங்க" என்ற பேச்சு இருக்கிறதே, அதைக் கோவையில் ஏதோ ஒரு கட்சி மட்டும் பேசவில்லை. யாரோடு மோதினால் தனக்கு லாபமோ அவரையே எதிரி என்று அறிவிப்பதில் எல்லாக் கட்சிக்கும் ருசி உண்டு.

உக்கடம் உள்ளிட்ட கோவை தெற்குத் தொகுதியின் 2021 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 53,209. மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயகுமார் 42,383. வித்தியாசம் 1,728. மூவரும் ஜெயிக்கத்தான் நின்றார்கள், ஜெயிக்கும் அளவுக்கு ஓட்டும் வாங்கினார்கள். அவர்களில் யாரும் யாருக்காகவும் நின்றதாக எந்த ஆதாரமும் கிடையாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் முடிவு வந்த அன்றிலிருந்து இந்தத் தெருக்களில் நடந்த பேச்சு நினைவிருக்கிறதா? அவர் இவருடைய பி டீம், இவர் அவருடைய ஓட்டைப் பிரிக்க வந்தவர், நீ அவருக்குப் போட்டதால்தான் இவர் ஜெயித்தார் என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே வாக்குவாதம். பிடித்தவருக்கு ஓட்டுப் போட்ட மனிதன் குற்றவாளிக் கூண்டில் நின்றான். மும்முனைப் போட்டி இயல்பாக வந்தபோதே இந்த நிலை. ஒருவர் பின்னால் இருந்து மூன்றாவது ஆளைத் திட்டம் போட்டு ஊட்டி வளர்த்தால் என்ன ஆகும்? இப்படி ஒரு தொகுதி இருக்கிறது, இவ்வளவு நெருக்கமான கணக்கு இருக்கிறது என்பது ஓட்டுக் கணக்குப் போடுகிற எல்லோருடைய நோட்டிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். நம் தொகுதி மேல் கண் இருக்கிறது என்று நினைத்தே நடந்துகொள்ள வேண்டும்.

இந்த மொத்த வியாபாரத்தைப் பகிரங்கமாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 2012ல் மிசௌரி மாநிலத்தில் நடந்த அமெரிக்க செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், எதிர்க்கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் டாட் அகின் என்ற தீவிரக்காரர் ஜெயிக்கும்படி சுமார் 17 லட்சம் டாலருக்கு விளம்பரம் செய்தார். நினைத்தபடியே அகின் வேட்பாளரானார், மெக்காஸ்கில் அவரைத் தோற்கடித்தார், பிறகு அதைப் பெருமையோடு எழுதவும் செய்தார். வெற்றி தந்த பாடம்தான் ஆபத்தான பாடம். 2015 ஏப்ரலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழு எழுதிய ஒரு குறிப்பு, டொனால்டு டிரம்ப், டெட் க்ரூஸ், பென் கார்சன் ஆகியோரை ஊடகங்கள் முக்கிய வேட்பாளர்களாக எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம் என்றது. இவர்கள் மேலே வந்தால் அந்தக் கட்சியே மக்களுக்கு அந்நியமாகிவிடும், நமக்கு வேலை சுலபம் என்பது எண்ணம். அடுத்த வருடம் அந்தக் குறிப்பு வெளியே கசிந்தது. டிரம்ப் மேலே வந்ததற்கு அந்தக் காகிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, காரணங்கள் ஆயிரம். ஆனால் சுலபமான எதிரி என்று அவர்கள் பட்டியல் போட்ட ஆள்தான் 2016 நவம்பரில் அவர்களை வீழ்த்தி வெள்ளை மாளிகைக்குப் போனார்.

அதற்குப் பிறகாவது திருந்தினார்களா? 2022ல் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் மெய்யர் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் இருந்தார். டிரம்ப்பைப் பதவி நீக்கச் சொல்லித் தன் கட்சியையே எதிர்த்து ஓட்டுப் போட்ட பத்துப் பேரில் ஒருவர். மனசாட்சிப்படி நடந்த எதிராளி. அவரைக் கட்சிக்குள்ளேயே வீழ்த்த நின்ற டிரம்ப் ஆதரவாளர் ஜான் கிப்ஸுக்கு உதவும் வகையில், ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு நாலு லட்சம் டாலருக்கும் மேல் விளம்பரத்தில் கொட்டியது. மெய்யர் போனார். கிப்ஸ் வேட்பாளராகி, நவம்பரில் தோற்றார். இடம் கிடைத்தது என்று கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று சொல்லித் தொண்டர்களிடம் வாங்கிய நன்கொடைக் காசு, எந்த ஆபத்தைச் சொல்லி வாங்கினார்களோ அந்த ஆபத்துக்கே விளம்பரமாகப் போனது. ஐந்து பத்தாகக் கொடுத்த ஏழைத் தொண்டனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? எதிர்முகாமில் பேச்சு வார்த்தைக்கு ஏற்ற ஒரு மனிதரையும் தொலைத்தாயிற்று. ஜெயித்த கணக்கிலும் இந்த நஷ்டம் இருக்கிறது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு ரத்தத்தில் விலை கொடுத்தோம். எழுபதுகளின் கடைசியில் பஞ்சாபில் அகாலி தளத்தின் பலத்தை உடைக்க காங்கிரஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். சஞ்சய் காந்தியும் ஜெயில் சிங்கும் தீவிரமாகப் பேசிய சீக்கிய மதத் தலைவர் பிந்தரன்வாலேயை எப்படித் தூக்கிவிட்டார்கள் என்பதை மார்க் டல்லி, குல்தீப் நய்யார் போன்ற பத்திரிகையாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1979ல் குருத்வாரா நிர்வாகக் குழுத் தேர்தலில் பிந்தரன்வாலே தரப்பு படுதோல்வி அடைந்தது. ஓட்டுப் பலம் இல்லாத ஆள், நம் கைக்குள் இருப்பார் என்ற தைரியம் அதிலிருந்து வந்திருக்கும். 1984 ஜூனில் பிந்தரன்வாலே இருந்த பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31ல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். கணக்குப் போட்ட கட்சி, கணக்கில் வந்த ஆள், அந்தக் கணக்கையே அறியாத டாக்ஸி ஓட்டுநர் என்று மூன்று தரப்பும் செத்தது.

இலங்கைத் தமிழர்களின் அனுபவம் இன்னும் நெருக்கமாகச் சுடும். 2005 நவம்பர் 17, அதிபர் தேர்தல். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்கும் அச்சத்துக்கும் உட்பட்ட வடக்கில், புலிகள் தடுத்ததால் தமிழர்கள் ஓட்டுப் போட வரவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஓட்டுப் போடவில்லை. மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை 1,80,786 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். வடக்கு ஓட்டுப் போட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று அன்றே எல்லோரும் எழுதினார்கள். நயமாகப் பேசி உலக நாடுகளைத் தன் பக்கம் இழுக்கும் எதிரியைவிட, கடுமையான முகம் காட்டும் எதிரி வந்தால் நம் நியாயம் உலகத்துக்குப் புரியும் என்ற புலிகளின் கணக்கு அந்தத் தடைக்குப் பின்னால் இருந்ததாகப் பலர் விளக்கம் சொன்னார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத என் கை வரவில்லை. ஓட்டுப் போட விடாமல் தடுக்கப்பட்ட அந்த ஜனங்கள்தான் அதற்குள் சிக்கியிருந்தார்கள்.

பஞ்சாபும் இலங்கையும் உக்கடத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊருக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. 1997 நவம்பரில் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14, தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நாள், பா.ஜ.க. தலைவர் அத்வானி ஆர்.எஸ். புரத்தில் பேச வேண்டிய மாலை. தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்னால் கார் வெடித்தது. ஒவ்வொரு முறையும் பெரிய கடைவீதியில் ஷட்டர் இறங்கியது, அவரவர் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பயந்தோம். இவற்றை நடத்தியது தேர்தல் கணக்குப் போட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நான் சொல்வது வேறு. இந்த மண்ணில் ஒரு பக்கத்துத் தீவிரப் பேச்சுக்குத் தீனி, மறுபக்கத்துத் தீவிரப் பேச்சுதான். இங்கே ஒரு கடும்பேச்சுக்காரரைப் பார்த்து, இவன் பேசினால் நம் ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து நமக்குப் போடுவார்கள், பேசட்டும் என்று எவன் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறானோ, அவன் மற்ற ஊரில் செய்வதைவிடப் பத்து மடங்கு ஆபத்தான காரியத்தைச் செய்கிறான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்கள். இங்கே ஓணானை எடுக்கிறவன் ஒருவன், வேட்டி நம்முடையது.

ஜமாத்திலும் சரி, கோவில் கமிட்டியிலும் சரி, வியாபாரிகள் சங்கத்திலும் சரி, இரண்டு பக்கத்தோடும் பேசத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பதற்றம் வரும் நாளில் போன் போட்டுப் பேசி ஊரை அமைதியாக வைக்கிறவர்கள் அவர்கள்தான். எதிரியை வளர்க்கும் விளையாட்டில் முதலில் காணாமல் போவது இந்த மனிதர்கள். மிச்சிகனில் மெய்யர் காணாமல் போனதுபோல. அவர்களை நிறுத்தினால் கூட்டம் வராது, செய்தி வராது, பயம் வராது, ஆகவே அவர்களால் எந்தக் கட்சிக்கும் பிரயோஜனமில்லை. வாட்ஸப்பில் எதிர்த்தரப்பின் கொடூரமான பேச்சு ஒன்று வந்து விழும்போது, இதை எனக்கு அனுப்பியது யார் என்று ஒரு நிமிடம் பாருங்கள். பல நேரம் அதைப் பரப்புவது பேசினவரின் ஆட்கள் அல்ல, அந்தப் பேச்சால் லாபம் அடையும் எதிராளியின் ஆட்கள். கோபத்தில் நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்புவதும் அந்தப் பேச்சுக்காரனுக்கு இலவச விளம்பரம்தான்.

ஒரு எச்சரிக்கை மறுபக்கத்துக்கும் சேர்த்து. சின்னக் கட்சிக்காரர், சுயேச்சை என்றாலே டம்மி, பி டீம் என்று முத்திரை குத்தாதீர்கள். 1996ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள், தேர்தல் தேதியே தள்ளிப்போனது. அது யாரோ காசு கொடுத்து நிறுத்திய கூட்டமில்லை, தங்கள் குறையை நாடு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விவசாயிகள் எடுத்த போராட்டம். அதற்குப் பிறகு சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. இதனால் தடைபட்டது யார்? சி.எம்.சி. காலனியில் இருந்து தன் தெருப் பிரச்சினைக்காக நிற்க நினைக்கும் தூய்மைப் பணியாளருக்குப் பத்தாயிரம் மலை. டம்மி நிறுத்துகிறவருக்கு அது டீச்செலவு. கதவு அடைபட்டது மெய்யான ஏழை வேட்பாளருக்குத்தான். ஆகவே ஒரு சுயேச்சை உங்கள் தெருவுக்கு வந்து ஓட்டுக் கேட்டால் நின்று பேசுங்கள், எதற்காக நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். மெய்யாக நிற்பவர் பதில் சொல்வார். டம்மி தெருவுக்கே வர மாட்டார். மிஷினில் மட்டும் இருப்பார்.

வேட்பாளர்கள் தரும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செல்போன் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பார்க்கச் சொல்லுங்கள். பெயர் ஒத்துப்போகும் ஆட்கள் இருக்கிறார்களா என்று வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்த அன்றே கவனியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எத்தனையாவது வரிசை, என்ன சின்னம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சாவடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் ஒருமுறை காட்டுங்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி நிற்கும், அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். காசு கொடுத்து ஆள் நிறுத்துவது தெரிந்தால் 1950க்குப் பேசலாம், சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ போடலாம், தேர்தல் நடத்தும் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கலாம். முடிவு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது என்றால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.

முன்மொழிகிறவர் கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனம். சுயேச்சைக்குத் தேவையான அந்தப் பத்துப் பேரை நம் தெருக்களில்தான் தேடுவார்கள். ரேஷன் கார்டு வேலைக்கு, பட்டா வேலைக்கு என்று சொல்லி வாக்காளர் அட்டையின் நகலும் கையெழுத்தும் வாங்கிப் போகலாம். என்ன காகிதம் என்று படித்துக் காட்டச் சொல்லாமல் போடாதீர்கள். ஆளைத் தெரியாமல் முன்மொழியாதீர்கள்.

ஏற்கெனவே யாராவது உங்களைப் பேசி மடக்கி மனுவும் கொடுக்க வைத்துவிட்டார்கள் என்றால், இன்னும் வழி இருக்கிறது. வாபஸ் வாங்கும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து விலகலாம். இன்னொரு தரப்பு வந்து, விலகுங்கள், நாங்கள் தொகை தருகிறோம் என்று சொன்னால் அதையும் தொடாதீர்கள். விலகக் காசு வாங்குவதும் அதே 123ஆம் பிரிவுக் குற்றம். வெறுங்கையோடு போய் விலகுங்கள். 3 மணி தாண்டிவிட்டால் உங்கள் பெயர் மிஷினில் ஏறிவிடும், அதன்பிறகு யார் நினைத்தாலும் எடுக்க முடியாது.